சங்கப் பலகையும் கணிப்பொறியும்

மதுரை மாநகரில் புலவர்க்கு இடம் அளந்து கொடுத்த பலகை ஒன்று இருந்ததென்பது பழங்கதை. சங்கப் பலகை என்பது அதன் பெயர். தகுதியுடைய புலவர் ஒருவர் வந்தால் அது முழ அளவு நீண்டு அவர்க்கு இருக்கை நல்கும் என்றும், தகுதியில்லார் வந்தால் அசையாது கிடக்கும் என்றும் கூறுவர். அப்பலகையில் இடம் பெறுதற்குப் புலவர்கள் பட்ட பாடு சிறிதன்று.

இன்று நம்மில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பலகை இருக்கின்றது. அது முழ அளவும் இல்லை. ஒரு சாணே உள்ளது. ஆயினும் அது கற்றார், கல்லார், மெய்யுரைப்பார், பொய்யுரைப்பார் என்னும் வேறுபாடின்றி வந்தார் எல்லார்க்கும் இடங்கொடுக்கின்றது. ஊண் உண்ட செய்தியைச் சொல்வார்க்கும் அதில் இடம் உண்டு. உலகம் நாளை அழியும் என்பார்க்கும் இடம் உண்டு. பழைய பலகை புலவரை அளந்தது. புதிய பலகையோ யாரையும் அளப்பதில்லை. ஆகவே அளக்கும் வேலை நம் தலையில் விழுந்துவிட்டது. அவ்வேலையை நாம் எங்ஙனம் செய்கின்றோம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கணிப்பொறியைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் பறை முழக்கத்துடனேயே வருகின்றன. 1999-ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த முழக்கத்தை உங்கள் பெற்றோர் நினைவில் வைத்திருப்பர். அந்நாள்வரை நினைவகத்தில் இடத்தை மிச்சப்படுத்தக் கருதிப் பல கணிப்பொறிகளில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே எழுதி வந்தனர். 2000 பிறந்தால் பொறி அதனை 1900 என மயங்கும் என்ற அச்சம் உண்டாயிற்று. வானூர்திகள் விழும், வங்கிக் கணக்குகள் மறையும் என்றெல்லாம் பேசினர். எங்கள் தெருவில் ஒருவர் தம் சேமிப்பு முழுவதையும் வங்கியிலிருந்து எடுத்து வந்து அரிசிப் பானைக்குள் வைத்துக் காவல் இருந்தார். நள்ளிரவு கடந்தது, மின்விசிறி முன்போலவே சுழன்றது, விடிந்ததும் பால்காரர் வந்தார். பானைக்குள் இருந்த பணத்துக்கு வட்டி கிடைக்காதொழிந்ததே அவர் கண்ட இழப்பு. ஆயினும் அச்சம் முற்றும் பொய்யென்று சொல்லுதல் முறையன்று. பொறியாளர் பலர் முன்கூட்டியே இரவும் பகலும் உழைத்துப் பிழைகளைத் திருத்தினர். அதனாலேயே பெருந்துன்பம் நேரவில்லை. முழக்கம் ஊரெங்கும் கேட்டது. உழைத்தவர் பெயர் ஒருவர்க்கும் தெரியாது.

பின்னர் 2021-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், முகநூலை நடத்தும் நிறுவனம் தன் பெயரையே மெட்டா என மாற்றிக்கொண்டது. இனி மக்கள் கண்ணாடி அணிந்து மாய உலகத்தில் உலவுவர் என்றும், அங்கேயே மனையும் வாங்குவர் என்றும் செய்தி பரவிற்று. வைகைக் கரையில் ஒரு சென்டு நிலம் வாங்குதற்கு வாழ்நாள் முழுதும் முயன்று தோற்ற எனக்கு, இல்லாத ஊரில் மனை வாங்கும் செல்வரைக் கண்டு வியப்புத் தோன்றிற்று. சில ஆண்டுகளில் அப்பேச்சு மெலிந்தது. வேறொரு பேச்சு அதன் இடத்தைப் பிடித்தது.

பொறியை நம்பும் நம்பிக்கை அலுவலகங்களிலும் புகுந்துவிட்டது. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடிருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை மெய்ப்பித்தல் வேண்டும். அதன்பொருட்டு யான் ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கே ஒரு சிறு கருவியில் விரலை வைக்கச் சொன்னார்கள். நாற்பதாண்டுக் காலம் சுண்ணக்கட்டி பிடித்துத் தேய்ந்த விரல் அது. கருவி என்னை ஏற்கவில்லை. பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்தும் பயனில்லை. "தம்பி, யான் உங்கள் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறேனே, இது போதாதா?" என்றேன். "ஐயா, நீங்கள் சொன்னால் ஆயிற்றா? கருவி ஒத்துக்கொள்ள வேண்டுமே!" என்றார் எழுத்தர். அவரும் நல்லவரே, எனக்குத் தேநீர் வருவித்தார். இறந்தவர்க்குத் தேநீர் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் மீண்டும் சென்று உயிர் பெற்றேன்.

இனி, எழுத்தின் கதையைக் கேளுங்கள். கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் குறித்து வைத்தல் வேண்டும். ஒருகாலத்தில் தமிழ் எழுத்துருச் செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பம்போல் எண் குறித்தனர். ஒருவர்க்குக் ககரமாக இருந்த எண் மற்றொருவர்க்கு ஞகரமாக இருந்தது. அக்காலத்தில் பள்ளி மலர் ஒன்றுக்கு யான் எழுதிய முன்னுரையைத் தட்டெழுதி, நெகிழ்தட்டில் பதிந்து அச்சகத்துக்கு அனுப்பினேன். அச்சாகி வந்ததைப் பார்த்தபோது, அது தமிழும் அன்று, வடமொழியும் அன்று, ஆங்கிலமும் அன்று. இலக்கணம் கற்பித்த ஆசிரியரின் முன்னுரையில் ஒரு சொல்லேனும் சொல்லாக இல்லை. மாணவர்கள் அதனைப் பெருமகிழ்ச்சியோடு படித்தனர்.

இக்குழப்பம் நீங்கப் பலர் உழைத்தனர். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் வகுக்கும் ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 என்னும் விசைப்பலகை முறை உருவாயிற்று. 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இன்று மதுரையில் எழுதிய மடல் மலேசியாவில் பிழையின்றித் தோன்றுகின்றது. ஆனால் என் பழைய நெகிழ்தட்டு இன்றும் பேழையில் உறங்குகின்றது. அதனைப் படிக்கும் வாயுடைய கணிப்பொறி எதனையும் இப்போது கடைகளில் காண்பதரிது. மதுரையை அடுத்த மாங்குளத்து மலைக் குகையிலோ, நெடுஞ்செழியன் பெயர் பொறித்த கல்வெட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அழியாது நிற்கின்றது. ஆயினும் அக்கல்லும் தானாகப் பேசவில்லை. 1882-இல் அது வெளியுலகுக்குத் தெரியவந்த பின்னரும், அறிஞர்கள் பல்லாண்டு முயன்றே அதன் மொழி தமிழ் எனத் துணிந்தனர். கல்லாயினும் கணிப்பொறியாயினும், படித்துப் பொருள் காணும் மனிதன் இல்லாவிடின் ஊமையே.

இவ்வாறு சொல்லுதலால் யான் கணிப்பொறிக்குப் பகைவன் என்று கருதற்க. நம் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு நற்பணியை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் மதுரைத் திட்டம் என்பது தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டின் உலோசான் நகரில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் என்னும் அறிவியலறிஞர். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாது, தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டெழுதினர், பிழை திருத்தினர், யாரும் விலையின்றிப் படிக்குமாறு இணையத்தில் வைத்தனர். ஏடு தேடி ஊர் ஊராக நடந்த பெரியோர்களின் வழியில் வந்த பணி இது. 1901-ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது என்ன வேட்கை இருந்ததோ, அதே வேட்கை இத்தொண்டர்களிடமும் இருந்தது. பறை முழக்கம் இல்லை; விளம்பரம் இல்லை. பொறி தாழ்ந்ததன்று, அதனை ஆள்பவரின் கருத்தே அதற்கு உயர்வும் தாழ்வும் தருகின்றது.

இப்போது எங்கும் பேசப்படுவது செயற்கை நுண்ணறிவு. 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமெரிக்க நிறுவனம் ஒன்று சாட்ஜிபிடி என்பதனை வெளியிட்டது. கேட்ட கேள்விக்கு அது நொடிப்பொழுதில் விடை எழுதும், கட்டுரை வரையும், கவிதையும் புனையும். அதன் உள்ளே நிகழ்வது யாது? எண்ணிறந்த நூல்களையும் எழுத்துகளையும் அதற்கு ஊட்டியிருக்கின்றனர். எச்சொல்லை அடுத்து எச்சொல் வருதல் இயல்பு என்பதனை அது கணக்கிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சொற்களை அடுக்குகின்றது. மெய் எது, பொய் எது என்று கண்டறிதற்கு அதற்குக் கண்ணில்லை. ஆயினும் தடுமாற்றமின்றிப் பேசும் நாவுண்டு. 2023-இல் நியூயார்க்கு நகரில் வழக்கறிஞர் இருவர் அதனை நம்பி, அது எடுத்துக் கொடுத்த பழைய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டினர். தேடிப் பார்த்தபோது அத்தகைய வழக்குகளே நடந்ததில்லை. "இவை உண்மைதாமா?" என்று அப்பொறியையே முன்னர்க் கேட்டிருந்தனர், "உண்மையே" என்று அது உறுதி கூறியிருந்தது! நீதிபதி 5000 டாலர் தண்டம் விதித்தார். தண்டம் பொறிக்கு அன்று, மனிதர்க்கே.

இத்தகைய நிகழ்ச்சி ஒன்று என் கண்முன்னும் நிகழ்ந்தது. மதுரையை அடுத்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் கட்டுரைப் போட்டிக்கு நடுவனாக இருந்தேன். வைகையைப் பற்றிய கட்டுரை ஒன்றை மாணவன் ஒருவன் படித்தான். நடை தெளிவாக இருந்தது. ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் "ஆண்டு முழுதும் வற்றாது ஓடும் வைகை" என்றொரு தொடர் வந்தது. அவன் நாள்தோறும் வைகைப் பாலத்தைக் கடந்து பள்ளிக்கு வருபவன். ஆற்று மணலில் மாடு மேய்வதைக் கண்ணாற் கண்டவன். "தம்பி, இன்று காலை வைகையில் எவ்வளவு நீர் ஓடியது?" என்று கேட்டேன். அவன் தலை குனிந்தான். "ஐயா, நான் எழுதவில்லை, கைப்பேசி எழுதிக் கொடுத்தது" என்றான். ஆற்றைப் புகழ்வார் வற்றாத ஆறு என்று எழுதுதல் வழக்கம். அவ்வழக்கத்தைப் பொறி அறியும், வைகையை அறியாது.

எனக்குத் தருமியின் நினைவு வந்தது. மகளிர் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டோ என்று பாண்டியனுக்கு ஐயம் எழுந்தது. அதனைத் தீர்க்கும் பாடலுக்கு ஆயிரம் பொன் கொண்ட கிழி அவையில் தூங்கிற்று. வறியவனாகிய தருமி, இறைவன் எழுதிக் கொடுத்த பாடலைத் தன் பாடலாகக் கொண்டுசென்றான். நக்கீரர் குற்றம் கூறியபோது அவனால் ஒரு சொல்லும் விடை பகர இயலவில்லை. பிறர் எழுதியதைத் தனதென்று அவையேற்றும் செயல், மதுரைக்குப் புதியதன்று! ஆயினும் தருமிக்கு ஒரு நற்பேறு இருந்தது. பாடல் எழுதியவனே அவைக்கு வந்து வாதிட்டான். கைப்பேசியோ எந்த அவைக்கும் வந்து நமக்காக நிற்கப்போவதில்லை.

அம்மாணவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உனக்குத் தெரிந்த ஒன்றை எழுது" என்றேன். அரைமணி நேரம் அமர்ந்து அரைப்பக்கம் எழுதினான். அவன் வீட்டார் மல்லிகைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பதையும், வெயிலேறுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டுபோகாவிடின் விலை இறங்குவதையும் எழுதியிருந்தான். பனிக்காலத்தில் பூக் குறைந்தால் விலை ஏறும். பூ மிகுந்தால் விலை வீழும். "அதனால் செடி நிறையப் பூத்த நாளில் அம்மாவுக்குப் பாதி மகிழ்ச்சிதான்" என்று முடித்திருந்தான். அந்தப் பாதி மகிழ்ச்சியை உலகத்து நூலகம் அனைத்தையும் விழுங்கிய பொறியும் எனக்குச் சொன்னதில்லை. அரைப்பக்கத்தில் ஏழு பிழைகள் இருந்தன. ஏழையும் சிவப்பு மையால் சுழித்தேன். அது என் தொழில். ஆயினும் அவை அவனுடைய பிழைகள். இன்று திருத்தினால் நாளை அவன் வளர்வான். பிழையற்ற அக்கட்டுரையால் அவன் ஓர் அங்குலமும் வளர்ந்திலன்.

விதிப்படி பரிசு வேறொருவர்க்குச் சென்றது. அவன் வருந்தவில்லை. சுழித்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஐயா, 'பறிக்கிறோம்' என்பதில் வல்லின றகரமா?" என்று கேட்டான். அக்கேள்வியே எனக்குக் கிடைத்த பரிசு.

மாணவர்களே! பொறியை அஞ்சி ஒதுங்குதலும் வேண்டா. வணங்கிக் கிடத்தலும் வேண்டா. நூல்களைத் தேடித் தரும் ஏவலாளனாக அதனைக் கொள்ளுங்கள். அது சொல்வதை நூலோடும் ஆசிரியரோடும் உங்கள் கண் கண்டதோடும் ஒத்துப் பாருங்கள். இறைவனே எழுதிய பாடலாயினும் ஆராயாமல் ஏற்கமாட்டேன் என்று எழுந்து நின்ற நக்கீரர் வாழ்ந்த ஊர் இது. ஒரு பெட்டி சொல்வதை ஆராயாமல் ஏற்பது இவ்வூர்க்கு அழகாகுமா? கையிலுள்ள பலகை தானாக யாரையும் அளக்காது. நீங்களே அளந்து நோக்குங்கள். எழுதும்போது வற்றாத வைகையை எழுதாதீர்கள். நீங்கள் கண்ட வைகையை எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. சங்கப் பலகைக்கும் இக்காலக் கைப்பேசிக்கும் ஆசிரியர் கூறும் வேறுபாடு யாது?
2. கணிப்பொறியில் தமிழ் எழுத்துகள் குழம்பியதற்குக் காரணம் என்ன? அது எங்ஙனம் நீங்கியது?
3. தருமிக்குக் கிடைத்து, கட்டுரை படித்த மாணவனுக்குக் கிடைக்காத நற்பேறு எது?
4. உங்கள் ஊரைப் பற்றி, நீங்கள் கண்ணாற் கண்டதை மட்டும் வைத்து அரைப்பக்கம் எழுதுக. பிழை நேர்ந்தால் அஞ்சற்க.