வலது காலில் எதற்கு ஒரு கிளிப்?

கேள்வி: ஈசிஜி எடுக்கும்போது வலது காலிலும் ஒரு கிளிப் மாட்டுகிறார்களே, இதயம் மார்பில்தானே இருக்கிறது?

பதில்: இதயத்தின் மின்சாரம் தோலுக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ 1 மில்லிவோல்ட்தான் இருக்கும். சுவருக்குள்ளோ 230 வோல்ட் ஓடுகிறது. நொடிக்கு 50 முறை அலையும் அந்த மின்சாரம் நம் உடம்பிலும் தொற்றிக்கொள்ளும். காகிதத்தில் கோடு ரம்பப் பல் மாதிரி பொடிப்பொடியாக நடுங்கும். மற்ற கிளிப்புகளில் பொதுவாகத் தெரியும் இந்த இரைச்சலை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, வலது கால் வழியே உடம்புக்குள் அனுப்புகிறது கருவி. இரண்டும் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிகச் சிறிய மின்னோட்டம்; உறைக்கவே உறைக்காது.

அசைவு வேறு கதை. தசை நடுங்கினால் அதன் மின்சாரமும் பதிவாகும். என் அம்மாவுக்கு எடுத்தபோது முதல் தாள் முழுக்கக் கிறுக்கலாக வந்தது. செவிலியர் ஏசியை அணைத்தார், கால்வரை போர்வையை இழுத்துவிட்டார், ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்தார். அடுத்த தாளில் கோடு தெளிந்திருந்தது.

ஃபில்டர் போட்டால் போதாதா? போதாது. மூச்சுக்கு ஏற்ப மேலும் கீழும் மிதக்கும் கோட்டை ஃபில்டர் அடக்கும். அளவுக்கு மீறினால், மாரடைப்பைக் காட்டும் எஸ்டி பகுதியின் வடிவமே மாறிவிடலாம். தோலை நன்றாகத் துடைத்து ஜெல் தடவுவதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

இப்போது ஆம்புலன்ஸிலிருந்தே ஈசிஜியை 0, 1 என்ற பிட்டுகளாக்கிக் கம்பியில்லாமல் அனுப்ப முடிகிறது. வழியில் ஒரு 0, 1 ஆக மாறினாலும் திருத்திக்கொள்ளக் கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்பலாம். 1950-ல் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்ட குறியீடு இந்த வகைதான். ஆனால் தோலிலேயே கலந்துவிட்ட நடுக்கத்தை அந்தப் பிட்டுகளால் பிரிக்க முடியாது. அதையும் அப்படியே மருத்துவரிடம் கொண்டு சேர்த்துவிடும்.