பால் பாம்பின் நிறங்கள் – வீட்டில் நடத்த ஒரு பரம்பரைப் பாடம்

உயிரியல் புத்தகத்தில் பரம்பரை பற்றிய அத்தியாயம் வந்ததும் பல குழந்தைகள் திணறுகிறார்கள். மெண்டலின் பட்டாணிச் செடி அவர்களுக்கு அலுத்துவிட்டது. இந்த நகரில் பல ஆண்டுகளாக அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பட்டாணியை விட்டுப் பாம்பை எடுத்தால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காருகிறது. நம் பிள்ளைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் படிப்பதைப் பெற்றோர் தமிழில் விளக்கிச் சொல்ல உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை

'மில்க் ஸ்நேக்' என்னும் பால் பாம்பு அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. கனடாவின் தென்கிழக்கிலிருந்து மெக்சிகோ, மத்திய அமெரிக்கா வழியாகத் தென் அமெரிக்காவின் வடபகுதி வரை காணப்படுகிறது. விஷம் கிடையாது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்டதை 2014இல் வெளிவந்த ஜீன் ஆய்வு ஏழு இனங்களாகப் பிரித்தது.

மாட்டுத் தொழுவங்களில் அடிக்கடி தென்பட்டதால், இது பசுவின் மடியில் பால் குடிக்கிறது என்று அங்குள்ள குடியானவர்கள் நம்பினார்கள். நம் கிராமங்களில் சாரைப் பாம்பைப் பற்றி இதே கதை உண்டு அல்லவா? இரண்டும் உண்மையில்லை. பாம்பு வந்தது எலியைத் தேடி. அதன் வாயில் உறிஞ்சிக் குடிக்கும் அமைப்பே இல்லை. கூரிய பற்கள் மடியில் பட்டால் எந்தப் பசு பேசாமல் நிற்கும்?

எத்தனை நிறம்!

வீடுகளில் வளர்ப்போர் அதிகம் விரும்புவது ஹோண்டுராஸ் நாட்டு வகை. உடல் முழுதும் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் வளையங்கள். கொடிய விஷமுள்ள பவளப் பாம்பைப் போலத் தோன்றுவதால் எதிரிகள் இதை நெருங்கத் தயங்கும். வளர்ப்பில் பிறந்த குட்டிகளில் இந்த நிறங்கள் பலவாறு மாறியிருக்கின்றன.

அல்பினோ: மெலனின் என்னும் கறுப்பு நிறமி இல்லை. கறுப்பு வளையங்கள் வெளுத்திருக்கும், சிவப்பு பளிச்சென்று தெரியும், கண்ணும் சிவந்திருக்கும்.

அனெரி: சிவப்பு நிறமி இல்லை. கறுப்பும் சாம்பலுமே எஞ்சும்.

ஹைப்போ: கறுப்பு குறைந்து பழுப்பாகத் தெரியும்.

ஸ்னோ: அல்பினோவும் அனெரியும் ஒரே உடலில் சேர்ந்தது. வெண்மையும் மங்கிய இளஞ்சிவப்புமாக இருக்கும். உற்றுப் பார்த்தால் வளையங்களின் சாயல் தெரியும். நிறம் போனாலும் கோலம் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மஞ்சளுக்குப் பதில் ஆரஞ்சு வளையம் உள்ள 'டாஞ்சரின்' காட்டிலேயே உண்டு. அதை இன்னும் பளிச்சென்று ஆக்க, நல்ல நிறமுள்ளவற்றையே பல தலைமுறை பொறுக்கிச் சேர்க்கிறார்கள். சில குட்டிகளுக்கு வளையம் கோணலாக அமையும். அடைகாக்கும்போது முட்டைக்குக் கிடைத்த வெப்பம் சரியில்லாவிட்டாலும் அப்படி நேரலாம். அந்தக் கோணல் சந்ததிக்குப் போகாது. பிறவியில் வந்ததெல்லாம் பரம்பரையில் வந்ததல்ல.

பதினாறு கட்டக் கணக்கு

ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒரு ஜீன், தகப்பனிடமிருந்து ஒரு ஜீன். அல்பினோவும் அனெரியும் ஒடுங்கு பண்புகள். இரண்டு பக்கமும் அந்த ஜீன் வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் உள்ளே மறைந்திருக்கும், தோற்றம் சாதாரணம்தான்.

அல்பினோ ஆணையும் அனெரிப் பெண்ணையும் சேர்த்தால் என்ன பிறக்கும்? ஸ்னோ என்று மாணவர்கள் கத்துவார்கள். இல்லை, குட்டிகள் எல்லாமே சாதாரண மூவண்ணம்தான். ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு பண்புகளையும் மறைவாகத் தாங்கி நிற்கும். அந்தக் குட்டிகள் வளர்ந்து தங்களுக்குள் சேர்ந்தால், 16க்கு 9 சாதாரணம், 3 அல்பினோ, 3 அனெரி, 1 ஸ்னோ என்ற விகிதம் வரும். 1866இல் மெண்டல் பட்டாணியை வைத்து வெளியிட்ட அதே 9:3:3:1. பிள்ளைகளை நான்குக்கு நான்கு கட்டம் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: பதினாறு முட்டை இட்டால் ஒரு ஸ்னோ நிச்சயம் என்று பொருளல்ல. ஒவ்வொரு முட்டைக்கும் வாய்ப்பு 16இல் 1, அவ்வளவே.

மறைந்திருப்பது வெளிப்படும் வழி

மேலே சொன்னதில் அண்ணன் தங்கையைத்தான் சேர்த்தோம். அரிய நிறம் வேண்டுவோர் நெருங்கிய இரத்தத்தைச் சேர்ப்பது இதனால்தான். நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. ரேவா மகாராஜா 1951இல் பிடித்த மோகன் என்ற வெள்ளைப் புலிக்கும் சாதாரண நிறப் பெண் புலிக்கும் வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. அதன் மகள் ராதாவுடனேயே சேர்த்தபோது 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. நிறத்தோடு மறைந்திருந்த குறைகளும் இந்த வழியில் வெளிப்படும்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு குழந்தையாவது, "எங்க அம்மா அப்பா மாமா பொண்ணு, அத்தை பையன்தான் சார்" என்று சொல்லும். அக்குழந்தையைப் பயமுறுத்தக் கூடாது. உண்மையை மறைக்கவும் கூடாது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு ஜீன்கள் பொது. மாமன் மகள், அத்தை மகனுக்கு எட்டில் ஒரு பங்கு. எனவே ஒரே ஒடுங்கு ஜீன் இரு பக்கமும் வரும் வாய்ப்பு அந்நியத் திருமணத்தைவிட அதிகம். சில வகைப் பிறவிச் செவிடு, தலசீமியா, மனிதரில் வரும் அல்பினிசம் ஆகியவை இவ்வாறே வருகின்றன. பெரும்பாலான சொந்தத் திருமணங்களில் ஆரோக்கியமான குழந்தைகளே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. ஊர் விட்டு வந்த நாம் சொந்தம் விட்டுப் போகாதிருக்கவே சொந்தத்தில் பெண் எடுக்கிறோம். அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் குடும்பத்தில் இப்படிப்பட்ட குறை இருந்தால், நிச்சயம் செய்வதற்கு முன் மரபியல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

வெளுத்த தோலோடு பிறக்கும் குழந்தை எவர் பாவத்தின் பலனும் அல்ல. தாயின் குற்றமும் அல்ல. இரு பக்கமும் சமமாகத் தந்ததுதான். அதற்கு வேண்டியது வெயிலிலிருந்து பாதுகாப்பும் கண் மருத்துவரின் கவனிப்பும்.

இன்னொன்று: பாடம் பிடித்துப்போய்ப் பிள்ளைகள் பாம்பு கேட்டால் படத்தைக் காட்டுங்கள். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

பயிற்சி

1. அல்பினோவும் அல்பினோவும் (ஒரே ஜீன்) சேர்ந்தால்?
2. அல்பினோவும், அல்பினோவை மறைவாகத் தாங்கிய சாதாரணமும் சேர்ந்தால்?
3. அல்பினோவை மறைவாகத் தாங்கிய இரு பெற்றோருக்குப் பிறந்த சாதாரண நிறக் குட்டி அந்த ஜீனைத் தாங்கியிருக்க வாய்ப்பு எவ்வளவு?

விடைகள்: 1. எல்லாம் அல்பினோ. 2. பாதிக்குப் பாதி. 3. மூன்றில் இரண்டு. பாதி என்று சொல்பவர்கள் கட்டத்தை மறுபடி போட்டு, அல்பினோவை அடித்துவிட்டு மீதி மூன்றை எண்ணிப் பாருங்கள்.