சர்வர் வைக்குமுன் பெயர் வையுங்கள்

மாஸ்டடான் நிறுவப் போகிறேன் என்று யாராவது வந்தால், ரேம் எத்தனை ஜிபி என்று நான் கேட்பதில்லை. டொமைன் பெயரை முடிவு செய்தாயிற்றா என்றுதான் கேட்பேன். உபுண்டு பிடிக்கவில்லையென்றால் டெபியனுக்கு மாறலாம். வாடகை கட்டுப்படியாகவில்லையென்றால் வேறு கம்பெனியின் சர்வருக்குக் குடிபோகலாம். பெயரை மட்டும் பிறகு மாற்ற முடியாது.

ஆய்கன் ரோச்கோ 2016இல் ஜெர்மனியிலிருந்து வெளியிட்ட இந்தச் சமூக வலைதள மென்பொருளுக்குத் தலைமைச் சர்வர் என்று ஒன்று கிடையாது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. 2018 ஜனவரியில் டபிள்யூ3சி பரிந்துரையாக ஏற்ற நெறிமுறை அது. நம் சர்வரில் இருக்கும் ஒருவரை ஜப்பானிலிருந்து ஒருவர் பின்தொடர்ந்தால், அந்த ஊர்ச் சர்வர் நம் ஆளின் பெயரையும் டொமைனையும் சேர்த்து முகவரியாகவும், அவருடைய பொதுச் சாவியைக் கையொப்பம் சரிபார்க்கவும் தன் டேட்டாபேஸில் எழுதி வைத்துக்கொள்ளும். டொமைன் மாறினால் அங்கே நாம் முன்பின் தெரியாத ஆள்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கல்லூரி நாள் கேலிப்பெயர் ஒன்றில் சர்வர் ஆரம்பித்தார். ஆள் சேர்ந்த பிறகு பெயர் உறுத்தியது. “அண்ணா, என்வ் ஃபைல்ல ஒரு வரியை மாத்தினா முடிஞ்சுதுல்ல?” என்று கேட்டார். கடைசியில் புதுப்பெயரில் இன்னொரு சர்வர் போட்டு, ஒவ்வொருவரும் கணக்கை அங்கே நகர்த்த வேண்டியதாயிற்று. மாஸ்டடானில் கணக்கை நகர்த்தினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள். பழைய பதிவுகள் வராது.

பெயரின் வாலையும் கவனியுங்கள். குயர் டாட் ஏஎஃப் என்ற மாஸ்டடான் சர்வரின் டொமைன் 2024 பிப்ரவரியில் முடக்கப்பட்டது. ஏஎஃப் ஆப்கானிஸ்தானின் நாட்டுக் குறியீடு. அது தாலிபான் அரசின் கையில் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, மலிவாகக் கிடைக்கிறது என்று ஏதோ ஒரு நாட்டின் வாலைப் பிடிக்காதீர்கள். சொந்த டொமைன் ஏற்கெனவே இருந்தால் இன்னொரு வசதி உண்டு. சர்வரைத் துணை டொமைனில் ஓடவிட்டு, முகவரியில் முதன்மை டொமைனே தெரியும்படி செய்யலாம். முகவரியைத் தேடி முதன்மைத் தளத்துக்கு வரும் வெப்ஃபிங்கர் கோரிக்கைகளைத் துணை டொமைனுக்குத் திருப்பிவிட வேண்டும். இதையும் நிறுவும்போதே செய்தாக வேண்டும்.

நீங்கள் ஒருவர்தான், அல்லது குடும்பத்தோடு நாலைந்து பேர்தான் என்றால் மாஸ்டடானே வேண்டாம் என்பது என் கட்சி. அதே ஆக்டிவிட்டிபப் பேசும் கோட்டூசோஷியல் இருக்கிறது. கோ மொழியில் எழுதிய ஒரே பைனரி, எஸ்க்யூலைட் போதும், 1 ஜிபி ரேமில் ஓடும். டைம்லைன் பார்க்கச் சொந்த முகப்பு கிடையாது, டஸ்கி போன்ற செயலி வழியாகத்தான் பார்க்க வேண்டும். மாஸ்டடானோ ரூபி, நோட், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், சைடுகிக், என்ஜின்எக்ஸ் என்று ஒரு பட்டாளத்தையே கூட்டி வரும்.

மாஸ்டடான்தான் வேண்டும் என்றால், நிறுவும் முறையை அதிகாரபூர்வ ஆவணம் வரிவரியாகச் சொல்கிறது. அதை மட்டும் பாருங்கள். எவரோ எப்போதோ எழுதிய குறிப்பில் ரூபி பதிப்பு பழசாக இருக்கும். எஸ்எஸ்ஹெச்சில் சாவி வழி நுழைவு மட்டும் வையுங்கள். ஃபயர்வாலில் 22, 80, 443 போதும். போஸ்ட்கிரெஸும் ரெடிஸும் வெளியே தெரியவே கூடாது. 1 ஜிபி சர்வரில் முயன்றால், முகப்புக் கோப்புகளைத் தொகுக்கும் கட்டத்தில் திரை சற்று நேரம் அசையாமல் நின்று, பிறகு ‘கில்டு’ என்ற ஒரே சொல்லோடு கமாண்ட் முடிந்துவிடும். என்ன பிழை என்று மாஸ்டடான் லாகில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கெர்னல் லாகைப் பாருங்கள், ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று இருக்கும். ஸ்வாப் கோப்பு ஒன்று சேர்த்தால் தொகுப்பு முடிந்துவிடும். அன்றாடம் ஓட 2 ஜிபியாவது வேண்டும்.

நிறுவும்போது ஓடும் அமைப்பு வழிகாட்டி சோதனை மெயில் அனுப்பவா என்று கேட்கும். தவிர்க்காதீர்கள். சர்வர் வாடகைக்கு விடும் பல கம்பெனிகள் 25ஆம் போர்ட்டை மூடித்தான் தருகின்றன. எனவே வெளி மெயில் சேவை ஒன்றின் வழியாக 587இல் அனுப்புவதே சுலபம். டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைப் போடவில்லையென்றால் உறுதிப்படுத்தும் மெயில் ஸ்பேமில்தான் கிடக்கும்.

தளம் திறந்துவிட்டது என்பதால் எல்லாம் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. மாஸ்டடானில் சிஸ்டம்டி சேவைகள் மூன்று: வெப், சைடுகிக், ஸ்ட்ரீமிங். பதிவு போட முடிகிறது, ஆனால் அடுத்த சர்வர்க்காரருக்குப் போய்ச் சேரவில்லையா? சைடுகிக் நின்றிருக்கும். பக்கத்தைப் புதுப்பித்தால்தான் புதுப்பதிவு தெரிகிறதா? ஸ்ட்ரீமிங் சேவையையோ என்ஜின்எக்ஸில் வெப்சாக்கெட் பகுதியையோ பாருங்கள். இரண்டும் சரி, ஆனாலும் மற்ற சர்வர்கள் நம் கோரிக்கையை நிராகரிக்கின்றனவா? சர்வர் கடிகாரத்தைப் பாருங்கள். கையொப்பத்தில் நேரமும் உண்டு; கடிகாரம் ரொம்பத் தப்பினால் கையொப்பம் செல்லாது.

பேக்கப்பில் மூன்று இருக்க வேண்டும்: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பயனர்கள் ஏற்றிய படங்கள், அமைப்பு விவரங்கள் உள்ள என்வ் கோப்பு. பலர் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சின்னக் கோப்பில்தான் ரகசியச் சாவிகள் இருக்கின்றன. 4.3 பதிப்பிலிருந்து டேட்டாபேஸின் சில பகுதிகளை மறையாக்கம் செய்யும் சாவிகளும் அதில் சேர்ந்திருக்கின்றன; அவை போனால் டேட்டாபேஸ் கையில் இருந்தும் அந்தப் பகுதியைப் படிக்க முடியாது. பயனர்களின் கையொப்பச் சாவிகள் டேட்டாபேஸுக்குள் உள்ளன. டேட்டாபேஸை இழந்துவிட்டு அதே பெயரில் புதிதாக நிறுவினால், பழைய சாவியை வைத்திருக்கும் சர்வர்களோடு தகராறுதான். பேக்கப்பை வேறொரு மெஷினில் ஒருமுறை மீட்டுப் பார்த்த பிறகுதான் நான் அதைப் பேக்கப் என்று சொல்வேன்.

டிஸ்க்கை நிரப்புவது நம் ஆட்கள் இல்லை. நம் ஆள் பின்தொடரும் வெளியூர்க்காரர் போடும் படம், வீடியோ, முகப்படம் எல்லாம் நம் சர்வரில் நகலாக வந்து உட்காரும். கல்யாண வீட்டில் நம் விருந்தாளியை விட அவர்கள் கூட்டி வருபவர்கள் அதிகமாக இருப்பது மாதிரி. நிர்வாகப் பக்கத்தில் மீடியா நகல்களை எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று கேட்கும் பெட்டி இருக்கிறது. ஏழு நாள் என்று போட்டு வையுங்கள். அழிந்த நகல், மூலச் சர்வர் உயிரோடு இருந்தால் திரும்ப வரும். பக்கத்திலேயே வெளிச் சர்வர்ப் பதிவுகளை அழிக்கும் இன்னொரு பெட்டி இருக்கும். அதைத் தொடாதீர்கள். நம் ஆட்கள் புக்மார்க் செய்தவை, அடுத்த சர்வர்க்காரரோடு தனிப்பட்ட முறையில் பேசியவை எல்லாம் சேர்ந்து போகும், மீட்க வழியில்லை.

புதிய பதிப்பு வந்தால் வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு உடனே ஏற்றுங்கள். 2023 ஜூலையில் 4.1.3இல் சரிசெய்த ஓட்டை, வில்லங்கமான மீடியா கோப்பு ஒன்றின் வழியாகச் சர்வரில் நினைத்த இடத்தில் கோப்பு எழுத விட்டது. 2024 பிப்ரவரியில் 4.2.5இல் சரிசெய்தது, அடுத்தவர் கணக்கில் ஆள்மாறாட்டம் செய்ய இடம் கொடுத்தது. விடுமுறை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் விஷயங்கள் இல்லை இவை.

புதுக் கணக்குப் பதிவுக் கதவை எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். அதே 2024 பிப்ரவரியில் கவனிப்பாரின்றிக் கிடந்த சிறு சர்வர்களில் கூட்டமாகக் கணக்குத் திறந்து, அங்கிருந்து உலகத்துக்கே ஸ்பேம் அனுப்பினார்கள். பிறகு மாஸ்டடானே ஒரு மாற்றம் செய்தது: மட்டுறுத்துநர்கள் யாரும் எட்டிப் பார்க்காத சர்வரில் திறந்த பதிவு தானாக ஒப்புதல் முறைக்கு மாறிவிடும். நீங்கள் முதல் நாளே ஒப்புதல் முறையில் வையுங்கள். வரும் விண்ணப்பத்தைப் படிக்க நேரமில்லாதவர் பதிவை மூடிவிட்டு, தெரிந்தவர்களுக்கு மட்டும் அழைப்பு இணைப்பு அனுப்பினால் போதும்.