கறுத்த தொடுமுனையும் உப்புத்தாளும்

நம் அங்கத்தினர் சிலரது வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்து வால்வு ரேடியோப் பெட்டி இன்னும் இருக்கக்கூடும். அதை இறக்கிப் பாட வைக்க முயல்வோர், அலைவரிசை மாற்றும் குமிழைத் திருப்பியதும் கரகரப்பைக் கேட்டு, வால்வு கெட்டதென முடிவு கட்டிவிடுகின்றனர். முதலில் அச்சுவிட்சின் தொடுமுனைகளை, அதாவது ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தைக் கடத்தும் உலோக நுனிகளைப் பார்ப்பது நலம்.

இவற்றுக்குப் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு இட்டிருப்பார்கள். காற்றில் மிகச் சிறிதளவே கலந்துள்ள கந்தக வாயு வெள்ளியுடன் கூடிக் கறுப்புப் படலமாகிறது. வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதும் இதனாலேயே. கறுப்பைக் கண்டதும் உப்புத்தாளைத் தேடுவது நம்மவர் வழக்கம். இதுவே பெருந்தவறு. அப்பூச்சு பெரும்பாலும் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. நாலு தேய்ப்பில் வெள்ளி போய் அடியிலுள்ள பித்தளை வெளிப்பட்டுக் களிம்பேறும். அதே அளவில் வேறு சுவிட்சு இன்று கிடைப்பதோ அரிது. பாத்திரம் போலப் புளியிட்டு விளக்கினால், இடுக்கில் தங்கிய புளிப்பு உள்ளிருந்தே அரிக்கும். தேங்காயெண்ணெய் சில நாள் பலன் தந்து, பின் தூசியுடன் சேர்ந்து பிசுக்காகும்.

பிளக்கைப் பிடுங்கியதும் அபாயம் நீங்கியதென எண்ணலாகாது. பெரிய கண்டென்சர்களில் 200, 300 வோல்ட் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். தொழில் அறிந்தவரைக் கொண்டு தக்க ரெசிஸ்டர் வழியே அதை வடித்து, மீட்டரால் சோதித்த பின்னரே கையை உள்ளே விட வேண்டும். இதில் எவருக்கும் விலக்கில்லை.

மின்னணுப் பொருள் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சிறு தூரிகையால் தடவி, குமிழை இருபது முப்பது முறை இருபுறமும் திருப்புக. தொடுமுனைகள் ஒன்றையொன்று உரசித் தாமே அழுக்கைத் தள்ளும். இது விரைவில் தீப்பற்றும்; அருகில் விளக்கோ பீடியோ ஆகாது. முற்றிலும் வெண்மையாக வேண்டுமென்பதில்லை. நன்கு உலர்ந்த பின், சுவிட்சுகளுக்கென விற்கும் தொடுமுனை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவினால் காற்று எளிதில் அண்டாது. நுனிகளைத் தாங்கும் அட்டையில் அது படலாகாது, ஊறிவிடும்.

இந்த எண்ணெய் முறையைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குக் கொண்டுபோக வேண்டாவென எச்சரிக்கிறோம். அங்கே பொறி பறப்பதால் எண்ணெய் கருகிக் கரியாகும். வெள்ளிக் கலப்புள்ள அம்முனைகள் கறுத்திருந்தாலும் பெரும்பாலும் மின்சாரம் தடைப்படுவதில்லை. அரம் கொண்டு ராவுவதும் தகாது. வெள்ளி தேய்ந்து அடித்தகடு தெரியுமாயின், ஒரு முனையை மட்டுமன்றி முழுத் தொகுதியையும் மாற்றுவதே முறை.