களாப்பழமும் அதைப் போலவே இருக்கும் விஷப்பழமும்

ஆடு மேய்க்கப் போன இடத்தில் களாப்பழம் பறித்துத் தின்னாதவர்கள் நம் குழுக்களில் குறைவுதான். நம் குன்றுகளில் தானாக முளைக்கும் சிறுகளா ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. கென்யா, எத்தியோப்பியா நாடுகளின் புல்வெளிக் காடுகளில் காய்ப்பதும் நம்முடையதும் ஒரே இனம் என்றுதான் தாவர அறிஞர்கள் இப்போது சொல்கிறார்கள்.

அங்கேயும் மாடு மேய்க்கும் பிள்ளைகள்தான் முதலில் பறிப்பார்கள். காய் பச்சையாக இருந்து, சிவந்து, கடைசியில் கருநீலமாகும். கறுத்த பழத்தை விதையோடு அப்படியே தின்பார்கள். ஜாம் செய்வதும் உண்டு. முள் இருப்பதால் வேலிக்கும் வைக்கிறார்கள்.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதே காட்டில் அக்கோகாந்தெரா என்று ஒரு செடி வளர்கிறது. இலை களா மாதிரி, வாசமுள்ள பூவும் களா மாதிரி, பழமும் கறுப்பாகத்தான் இருக்கும். ஒடித்தால் இரண்டிலும் பால் வரும். கம்பா, கிரியாமா இன வேட்டைக்காரர்கள் அதன் கட்டையையும் வேரையும் மணிக்கணக்கில் காய்ச்சி, தார் போல ஆனதும் அம்பு முனையில் பூசுவார்கள். யானையே விழுந்துவிடும். அந்த விஷம் இதயத்தை நிறுத்திவிடுகிறது. நம்ம அரளியும் இதே குடும்பம்தான், களாவும்கூட அதே குடும்பம்தான்! அங்கே ஒரு எலி இந்தப் பட்டையை மென்று தன் மயிரில் பூசிக்கொள்கிறதாம். அதைக் கடிக்கும் நாய் செத்துப்போகிறது. 2011-ல் ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள்.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? முள்ளை வைத்துத்தான். களாவில் முள் இருக்கும், விஷச்செடியில் முள் கிடையாது. பழத்தின் நிறத்தை மட்டும் பார்த்துப் பறிக்கவே கூடாது. ஒரே ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்ப்போம் என்று சோதிப்பதும் கூடாது.

அந்த விஷச்செடி நம் காட்டுச் செடி அல்ல. ஆனால் பெயர் தெரியாத கறுப்புப் பழங்கள் இங்கேயும் எத்தனையோ இருக்கின்றன. பிள்ளை எதையாவது தின்றுவிட்டு வாந்தி, மயக்கம் என்றால் உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள். தின்ற செடியில் இலையும் பழமுமாக ஒரு கிளையை ஒடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊர்க் காட்டில் பிள்ளைகள் தின்னும் பழங்களில் ஒவ்வொரு கிளை கொண்டுவாருங்கள். பெரியம்மா, பாட்டி யாராவது ஒருவரையும் கூட்டி வாருங்கள். எது எது என்று அவர்களிடமே கேட்போம்.