தேன்சிட்டும் வீட்டுத் தோட்டமும்

அமெரிக்கக் கண்டங்களில் ரீங்காரச் சிட்டு என்னும் சிறு பறவைக்காக வீட்டு வாயிலிற் சீனிநீர்ப் போத்தலைத் தொங்கவிடுதல் வழக்கம். அப்பறவை ஆசியாவில் இல்லை. கல்லடி வளவுகளிற் செவ்வரத்தையை நாடிவரும் தேன்சிட்டு தோற்றத்தில் அதனை ஒத்ததாயினும் வேறு குலத்தது. ரீங்காரச் சிட்டு அந்தரத்தில் நின்றபடியே தேன் உண்ணும். தேன்சிட்டோ பெரும்பாலும் கொப்பைப் பற்றி அமர்ந்தே உண்ணும்.

இலங்கையிற் பரவலாகக் காணப்படுபவை மூன்று வகை. மஞ்சள் வயிறுடைய ஊதாப்பிட்டத் தேன்சிட்டு வளவுகளுக்கு மிகப் பழகியது. ஊதாத் தேன்சிட்டின் சேவல் இனப்பெருக்க காலத்திற் கருநீலமாய் மினுங்கும். நீண்டு வளைந்த அலகுடைய மூன்றாவது வகை, 1752 முதல் 1757 வரை இங்கு ஒல்லாந்த ஆளுநராயிருந்த லோட்டன் என்பவரின் பெயரைப் பெற்றுள்ளது.

இப்பறவைகளுக்குச் சீனிநீர் வைப்பது நன்றன்று. மட்டக்களப்பு வெப்பத்தில் அது விரைவிற் புளித்துவிடும், எறும்பும் மொய்க்கும். மேலும், குஞ்சுகள் தேனை மட்டும் உண்டு வளரமாட்டா. தாய்ப்பறவை அவற்றுக்குச் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையுமே மிகுதியாக ஊட்டும். கத்தரிக்கும் வெண்டிக்கும் கண்டபடி பூச்சிகொல்லி தெளிக்கப்படும் தோட்டத்தில் எத்தனை பூ மலர்ந்தாலும் கூட்டிலுள்ள குஞ்சு பட்டினியே கிடக்கும். புழுக்களைக் கையாற் பொறுக்கி அழித்தல் சிறு தோட்டத்துக்குப் போதுமானது.

கல்லடி கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது வீடுகளுடன் வளவு மரங்களும் அழிந்தன. மீண்டும் மரம் நடுவோர் மாரி தொடங்கும் ஒக்டோபர் மாதத்தில் நடுதல் வேண்டும். ஒன்றரை அடிக் குழி வெட்டி, அடியிலே தேங்காய்ப் பொச்சைப் பரப்பி, மக்கிய மாட்டெருவை மேல்மண்ணுடன் கலந்து நிரப்புக. பொச்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும். இன்றேல் மணலில் ஊற்றிய நீர் நில்லாது. செவ்வரத்தை தடியிலிருந்தே வேர்கொள்ளும். முருங்கையும் அவ்வாறே. வாழைப் பொத்தியிலும் தேன்சிட்டு விரும்பி உண்ணும். ஆகவே அதனைக் கறிக்கு ஒடிக்க முந்துவோர் இரண்டொரு நாள் பொறுக்கலாம். கச்சான் காற்று வீசும் வரண்ட மாதங்களிற் பூ குறையும். அக்காலத்தில் அரிசி கழுவிய நீரைச் செவ்வரத்தையின் அடியில் ஊற்றி வந்தால் அது தொடர்ந்து பூக்கும்.

மாமரத்திற் படரும் குருவிச்சையின் பூவையும் இப்பறவை நாடும் என்பது உண்மையே. அதற்காகக் குருவிச்சையை விட்டுவைத்தல் ஆகாது. மரத்தின் சாரத்தை அது உறிஞ்சும். பற்றிய கொப்புடன் வெட்டி அகற்றுக.

தேன்சிட்டின் கூடு சிலந்தி நூலாற் பிணைத்த தொங்கும் பை போன்றது. உள்ளே பஞ்சு மெத்தையிட்டிருக்கும். தாழ்வாரத்துச் சிலந்தி வலையை முற்றாகத் துடைத்துவிட்டால் கூடு கட்ட நூல் கிடையாது. பெண் பறவையே கட்டும். பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். சிலவேளை உடுப்புக் கொடியிலும் மின்கம்பியிலும் கூடு தொங்கும். முட்டையிட்டது முதற் குஞ்சுகள் பறக்கும் வரை ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். அதுவரை அக்கொடியில் உடுப்புக் காயப்போடாது, வேறொரு கயிறு கட்டிக்கொள்க.