பன்னிரண்டு படுக்கைக்கு எத்தனை லிட்டர்?

கோவளத்திலோ வர்க்கலாவிலோ ஹோம்ஸ்டே தொடங்குகிறவர்கள் பலரும் வீட்டுக் கணக்கையே போடுகிறார்கள். 'எங்க நாலு பேருக்கு ஆயிரம் லிட்டர் டேங்க் மிஞ்சுதே!' மிஞ்சும்தான். ஆனால் கடலில் ஆடிவிட்டு வருகிறவர் உப்புப் போக ஒருமுறை குளிப்பார், படுக்கும்முன் இன்னொருமுறை. விரிப்பு, துண்டு துவைப்பது வேறு. சாதாரண ஓட்டலுக்கு ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சின்ன இடம்தானே என்று குறைக்காதீர்கள். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் எல்லா அறையும் நிறையும். அந்த நாளை வைத்தே கணக்குப் போடுங்கள்.

நான்கு அறை, அறைக்கு மூன்று பேர் என்றால் 2,160 லிட்டர். பகலில் வந்துபோகும் வேலையாட்கள் இருவருக்கு ஆளுக்கு 45. ஆக, 2,250.

இது ஒரு நாளுக்கு. எத்தனை நாளுக்குச் சேமிப்பது? 2024 செப்டம்பரில் திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில்பாதை இரட்டிப்புக்காகக் குடிநீர்க் குழாய்களை மாற்றினார்கள். இரண்டு நாள் என்று சொன்ன தடை நான்கு நாள் இழுத்தது. திருவனந்தபுரம் நகரில் பள்ளிகளுக்கே விடுமுறை விட்டார்கள். குழாயை மட்டும் நம்பியிருந்தால் நான்கு நாளுக்கு 9,000 லிட்டர் வேண்டும். பெரிய தொட்டிதான், வேறு வழியில்லை.

குடிநீரை இதோடு கலக்காதீர்கள். குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லிட்டர் வைத்தால் 14 பேருக்கு 70. நான்கு நாளுக்கு 280 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் பதினான்கு. சீல் உடைக்காமல், வெயில் படாமல் அடுக்கி வையுங்கள்.

கிணறு இருக்கிறதே என்பீர்கள். இரண்டு மீட்டர் அகலக் கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர். அது இருப்புதானே ஒழிய, ஊற்று அல்ல. ஏப்ரல் மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் கயிறு விட்டு அளந்து, காலையில் மறுபடி அளந்தால் ஊறுவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடலோரத்தில் மோட்டாரை விடாமல் ஓட்டினால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும். காய்ச்சினால் உப்புப் போகாது. கிருமிக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர்: இந்தக் கிணற்றுக்குச் சுமார் 24 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து இறையுங்கள்.